ஏ-யிலிருந்து பி வரை

இந்த ஊரில் மழையைப் பற்றிப் பேசினால்
வெளியூர்க்காரி என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.
பேச்சை நிறுத்த எனக்குப் பதினொரு மாதம் ஆயிற்று.

பிரின்ஸ் ரூபர்ட்.
தெருக்கள் நேராகப் போகத்தான் ஆசைப்பட்டன,
பாறை விடவில்லை.
வெடிவைத்துப் பிளந்த கல்லின் மேலும்
முழங்கால் புதையும் சதுப்பின் மேலும்
கட்டைகளை நட்டு ஒரு நகரத்தை நிறுத்தினார்கள்.
ரயில் வந்தால் உலகமே வரும் என்றார்கள்.
திட்டம் போட்ட முதலாளி
பனிமலையில் மோதிய அந்தப் பெரிய கப்பலோடு போனார்.
ரயில் மட்டும் வந்தது,
இரண்டு வருடம் கழித்து.

அதே தண்டவாளத்தில்தான்
நாற்பத்திரண்டில் ஜப்பானிய மீனவர்களை ஏற்றினார்கள்,
படகுகளைப் பறித்துக்கொண்டு.
அதே தண்டவாளத்தில்தான் இன்று
ஷாங்காயின் பெட்டிகள் சிகாகோ போகின்றன.
இரும்புக்கு ஞாபகம் கிடையாது.
துருதான் உண்டு.

கடலில் ஒரு கோடு இருக்கிறது.
ஏ என்று ஒரு முனை, பி என்று மறுமுனை.
லண்டனில் ஒரு மேசையில் இழுத்தது.
அதுதான் எல்லை என்கிறது இந்த நாடு.
இல்லை என்கிறது அந்த நாடு.
கச்சத்தீவுப் பக்கத்துக் கோட்டை
அப்பாவின் வலை அறிந்திருந்தது;
இந்தக் கோட்டை
இரவுப்பணியில் வானொலி முன்னால் உட்கார்ந்து
நான் அறிந்துகொண்டேன்.

ஒக்டோபர். அதிகாலை இரண்டு பத்து.
'லூசில் ஆன்' என்ற படகு.
இயந்திரம் செத்துவிட்டது,
வடக்கே இழுத்துக்கொண்டு போகிறது என்றது ஒரு குரல்.
டெல்பர்ட் லெய்ட்டன், மெட்லகட்லாக்காரர்.
தொலைவிலிருந்து ஓர் அமெரிக்கக் குரலும் நுழைந்தது.
எந்த நாட்டு நீரில் இருக்கிறாய் என்று
இருவரும் கேட்கவேண்டியிருந்தது,
படிவத்தில் அதற்கொரு கட்டம் இருக்கிறதே.

"ஈரமான நீரில்," என்றார் டெல்பர்ட்.

பிறகு, இழுவைப்படகு போய்ச் சேரும்வரை,
தூங்கிவிடக் கூடாதென்று பேசிக்கொண்டே இருந்தார்.
அவர் ஊரில் பாதிப்பேர்
ஒரு பாதிரியார் பின்னால்
அலாஸ்காவுக்குப் போய்விட்டார்களாம்,
நூற்று முப்பது வருடத்துக்கு மேல்.
போன இடத்துக்கும் மெட்லகட்லா என்றே பெயர்.
"அங்கே என் பெரியம்மா மகன் இருக்கிறான்.
இப்படியே மிதந்தால்
காலைச் சாப்பாட்டுக்குப் போய்விடுவேன்."
அலாஸ்காப் படகுச் சேவையோ
அப்போது நின்றுபோயிருந்தது.
சுங்க அதிகாரியின் இடுப்பில் துப்பாக்கி இருக்கலாமா என்று
இரு தலைநகரங்களும் யோசித்துக்கொண்டிருந்தன.

இங்கே ஏற்றவற்றம் ஏழு மீட்டர்.
கோடு அசையாது, கடல் அசையும்.
நான்கு மணிக்குக் கோட்டைத் தாண்டினார்.
ஐந்தே முக்காலுக்கு நீரோட்டம் திரும்பி
தானாகவே இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டது.
யாரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை.
இழுவைப்படகின் வெளிச்சம் கண்டதும்
அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

நெய்தலுக்கு இரங்கல் என்று வகுத்தவர்கள்
இந்தக் கடலைப் பார்க்கவில்லை.
இங்கே கரையில் நிற்பவளுக்கு இரங்க நேரமில்லை,
இரண்டு அலைவரிசை, ஒரு படிவம்,
ஆறிய கோப்பி.

நாட்டுக்கான கட்டத்தில் என்ன எழுதுவதென்று
விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
கடைசியில் நேரத்தையும் நீர்மட்டத்தையும் எழுதினேன்.
மேலதிகாரி கிரெக் திருப்பி அனுப்பினார்.
அதையே மறுபடி எழுதினேன்.

வியாழக்கிழமை, அலுவலக வாசலில்
பழைய செய்தித்தாளில் சுற்றி
ஹாலிபட் கன்னச்சதை ஒரு கிலோ இருந்தது.
மிளகாய்த்தூளும் புளியும் போட்டுக் குழம்பு வைத்தேன்.
எந்தப் பக்கத்து மீன் என்று
ஒருநாள் கூட்டுறவுக் கடையில் கண்டபோது கேட்டேன்.
ஜாக்கெட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு
டெல்பர்ட் என்னோடு
மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.